மெயில் சர்வரை நிறுத்தாமல் பிளகின் அமைப்பை மாற்றுவது: போஸ்ட்ஃபிக்ஸ், டவ்காட், ஆர்ஸ்பேம்டிக்கு முழுமையான வழிகாட்டி

பட்டர்வொர்த்தில் சரக்கு அனுப்பும் ஒரு கம்பெனி. ஆள் நாற்பது பேர்தான், ஆனால் கப்பல் பத்திரம் எல்லாம் மெயிலில்தான் வரும், மெயிலில்தான் போகும். அங்கே ஒரு நாள் காலை பத்தரை மணிக்கு, பயனர்களுக்கு அஞ்சல் பெட்டியைத் திறந்துகாட்டும் டவ்காட்டில், பெட்டியின் அளவுக்கு வரம்பு வைக்கும் கோட்டா பிளகினுக்காக (துணை நிரல்) ஒரே ஒரு வரி சேர்த்தேன். பழக்கதோஷத்தில் ரீஸ்டார்ட் அடித்தேன். இரண்டு நொடியில் சர்வீஸ் எழுந்து நின்றது, பச்சையாகவும் காட்டியது. நிம்மதியாகப் பசியாறப் போய் உட்கார்ந்தேன். ரொட்டி சானாய் தட்டு மேசைக்கு வரும்போதே அந்த அலுவலகத்து அக்காவின் போனும் வந்தது.

“தம்பி, எல்லார் கம்ப்யூட்டர்லயும் பாஸ்வர்ட் கேக்குது. நான் மூணு தடவ அடிச்சிட்டேன், ஏத்துக்க மாட்டேங்குது.”

“அக்கா, இனிமே அடிக்காதீங்க. மத்தவங்களையும் அடிக்க விடாதீங்க.”

அதற்குள் காரியம் கெட்டுவிட்டது. ரீஸ்டார்ட்டில் நாற்பது பேரின் இணைப்பும் ஒரே நேரத்தில் அறுந்தது. மேசைக் கணினியும் கைப்பேசியுமாக எல்லாமே ஒரே நேரத்தில் திரும்ப வந்து கதவைத் தட்டின. சின்ன மெஷின், பயனர் கணக்குகள் இருந்த டேட்டாபேஸ் திணறியது. உள்ளே நுழைய முடியாத அவுட்லுக், பாஸ்வர்ட் பெட்டியை நீட்டியது. ஆளாளுக்கு ஞாபகத்தில் இருந்த பழைய பாஸ்வர்டையெல்லாம் அடித்தார்கள். தவறான முயற்சிகளை எண்ணித் தடுக்கும் ஃபெயில்2பேன் எண்ணிக்கொண்டே இருந்தது. ஐந்து தவறு ஆனதும் அந்த ஐபி முகவரியைப் பத்து நிமிடம் பூட்டிவிடுவது அதன் இயல்பான அமைப்பு. அலுவலகம் முழுவதற்கும் வெளியே தெரிவது ஒரே ஐபி. கதை முடிந்தது.

அந்த ஒரு வரிக்கு ரீலோட் போதும், அதாவது சர்வீஸை நிறுத்தாமல் அமைப்பை மட்டும் திரும்பப் படிக்கச் சொல்வது. யாருக்கும் தெரியாமல் முடிந்திருக்கும். ஆனால் ரீலோட் என்றாலும் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கிற சங்கதி இல்லை. ரீலோட் அடித்து, பிழை எதுவும் வராமல், மாற்றமும் வராமல், அரை நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்டவர்களும் உண்டு; நானும் அதில் ஒருவன்.

கட்டளைகளைக் கீழே உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் வழக்கம்போல் ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள். டெபியன், உபுண்டு சர்வர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

பழைய அமைப்பை யார் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்?

ஒட்டுக்கடையில் பலகையில் விலையை அழித்துப் புதிதாக எழுதிவிட்டீர்கள். கல்லாவில் இருப்பவர் பலகையைப் பார்த்தா கணக்குப் போடுகிறார்? அவர் மனத்தில் பழைய விலைதான். ஒருவர் போய்ச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் அடுத்த ஷிப்டுக்கு ஆள் மாற வேண்டும்.

மெயில் சர்வரும் இப்படித்தான். வட்டில் இருக்கும் கோப்பு பலகை. ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு புராசஸும் ஒரு கல்லாக்காரர். எந்த மாற்றத்தைச் செய்யும் முன்னும் கேட்க வேண்டியது ஒன்றே: இந்த வரியை நினைவில் வைத்திருக்கும் புராசஸ் எது, அது எப்போது மறுபடி கோப்பைப் படிக்கும்? சிலது தானாகப் படிக்கும். சிலதுக்குச் சிக்னல், அதாவது வெளியிலிருந்து ஓர் அறிவிப்பு, வேண்டும். சிலது அந்த இணைப்பு முடியும்வரை பழையதையே பிடித்துக்கொண்டிருக்கும். மிகச் சிலதை நிறுத்தி எழுப்பித்தான் ஆக வேண்டும்.

முதல் படி: நகல், சோதனை, அதன் பிறகே கை வைப்பது

அமைப்புக் கோப்புகள் இருக்கும் ஈடிசி கோப்புறையில் ஈடிசிகீப்பர் போட்டு வைத்திருந்தால் நல்லது. பழைய பதிப்புகளைக் காத்து வைக்கும் ‘கிட்’ கருவியில் எல்லா மாற்றமும் பதிவாகும். இல்லாவிட்டால், தொடப்போகும் கோப்பை ‘சிபி -ஏ’ போட்டு, தேதியோடு வேறு இடத்தில் நகல் எடுத்து வையுங்கள். வேறு இடம் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. டவ்காட்டின் கான்ஃப்.டி கோப்புறையில் ‘.கான்ஃப்’ என்று முடியும் எல்லாக் கோப்பையும் அது படிக்கும். நகலுக்கும் அதே முடிவு இருந்தால் உங்கள் பழைய அமைப்பே புதியதை மூடிவிடலாம்.

அடுத்து, சர்வீஸுக்கு ரீலோட் தெரியுமா என்று பாருங்கள். ‘சிஸ்டம்சிடிஎல் கேட்’ போட்டு அதன் பின்னால் சர்வீஸ் பெயரைக் கொடுத்தால், அதை எப்படி இயக்குவது என்று சொல்லும் யூனிட் கோப்பு கண்முன் வரும். அதில் ‘எக்ஸெக்ரீலோட்’ என்ற வரியைத் தேடுங்கள். அந்த வரியில் வெறும் ‘கில்’ கட்டளை இருந்தால், ரீலோட் வெற்றி என்று, சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டி சொல்வதற்கு அர்த்தம் சிக்னல் அனுப்பியாயிற்று என்பது மட்டுமே. அந்தப் பக்கம் அமைப்பு ஏற்றுக்கொள்ளப்பட்டதா என்பது வேறு விஷயம்.

‘ரீலோட்-ஆர்-ரீஸ்டார்ட்’ என்ற கட்டளையை மட்டும் வேலை நேரத்தில் தொடாதீர்கள். ரீலோட் தெரியாத சர்வீஸ் என்றால் அது சத்தமில்லாமல் ரீஸ்டார்ட் செய்துவிடும்.

போஸ்ட்ஃபிக்ஸ்: ரீலோட் அடிக்காவிட்டாலும் மாற்றம் கசியும்

மெயிலை வாங்கி அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸை ஐபிஎம் ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்தபோது வீட்சே வெனெமா எழுதினார், 1998-இல் வெளிவந்தது. ஒரே பெரிய நிரலாக இல்லாமல், மாஸ்டர் என்ற ஒருவரின் கீழ் சின்னச் சின்ன வேலையாட்களாகப் பிரித்த வடிவமைப்பு. ரீலோட் இங்கே இவ்வளவு சுகமாக இருப்பதற்கு அதுதான் காரணம்.

வெளியிலிருந்து வரும் மெயிலை வாங்கும் எஸ்எம்டிபிடி புராசஸ் நிரந்தரமானது இல்லை. 100 இணைப்பைக் கவனித்துவிட்டால், அல்லது 100 நொடி சும்மா இருந்தால், தானே விலகிவிடும். அதற்குப் பதில் புதிது பிறக்கும். புதிதாகப் பிறப்பது, போஸ்ட்ஃபிக்ஸின் முக்கிய அமைப்புக் கோப்பான மெயின்.சிஎஃப்பைப் புதிதாகப் படிக்கும். அப்படியானால் நீங்கள் ரீலோட் அடிக்காவிட்டாலும், கோப்பைச் சேமித்த நொடியிலிருந்தே மாற்றம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வரத் தொடங்கும்.

கேட்க வசதியாகத்தான் இருக்கிறது. ஆபத்தும் அங்கேதான். எஸ்எம்டிபிடி மில்டர்ஸ் வரியை (மெயிலைச் சோதிக்கும் வெளிச் சர்வீஸ்களைக் குறிப்பது) மாற்றிச் சேமித்துவிட்டு, மற்ற வரிகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தே தாரிக் குடிக்கப் போனால், அந்த அரைகுறை அமைப்போடு சில புராசஸ்கள் ஏற்கெனவே வேலை பார்த்துக்கொண்டிருக்கும். அதனால் ஓடும் மெயின்.சிஎஃப்பை நேரடியாக எடிட்டரில் திறந்து நிதானமாகத் திருத்தாதீர்கள். ‘போஸ்ட்கான்ஃப் -இ’ கட்டளையைப் பயன்படுத்துங்கள். அது தற்காலிகக் கோப்பில் எழுதி, முடிந்ததும் பெயர் மாற்றி இடத்தில் வைக்கும். பல வரி மாற்ற வேண்டுமென்றால் எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் அடுக்கலாம்.

பிறகு ‘போஸ்ட்ஃபிக்ஸ் செக்’. எதுவும் சொல்லாமல் திரும்பினால் நல்லது. அதன் பின் ‘போஸ்ட்ஃபிக்ஸ் ரீலோட்’. மாஸ்டர் அமைப்பைத் திரும்பப் படிக்கும். வேலையாட்கள் கையில் இருக்கும் வேலையை முடித்துவிட்டு விலகுவார்கள். பாதியில் வந்துகொண்டிருக்கும் மெயில் அறுபடாது. மெயில் வரிசையைக் கவனிக்கும் கியூ மேனேஜர் நிரந்தரப் புராசஸ் என்பதால் அது தானாகக் கோப்பைப் படிக்காது. அதற்கு இந்த ரீலோட் கட்டாயம். வேலையாட்களின் பட்டியலான மாஸ்டர்.சிஎஃப்பில் எதைத் தொட்டாலும் அதே.

ஆனால் குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் கிரானில், ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ரீலோட் போட்டு வைக்கிற வழக்கம் சிலரிடம் உண்டு. வேண்டாம். ஒவ்வொரு ரீலோடுக்கும் கியூ மேனேஜர் தன் கையிலிருக்கும் கணக்கை எல்லாம் கீழே வைத்துவிட்டு முதலிலிருந்து அடுக்குகிறது. மெயில் நிறைய ஓடும் சர்வரில் அது நன்றாகவே தெரியும்.

லுக்கப் டேபிள்கள், அதாவது முகவரி போன்றவற்றைத் தேடிப் பார்க்கும் பட்டியல்கள், தனி ரகம். ஹாஷ் வகை என்றால் ‘போஸ்ட்மேப்’ ஓட்டினால் போதும். டேபிள் மாறிவிட்டதைப் புராசஸே கண்டுபிடித்துத் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். ரெஜெக்ஸ்ப், பிசிஆர்இ, சிடர் வகைகளுக்குப் போஸ்ட்மேப் தேவையில்லை, ஆனால் அவை புராசஸ் தொடங்கும்போதே நினைவுக்கு ஏறிவிடுவதால் ரீலோட் வேண்டும். இதைத்தான் பலரும் மாற்றிப் புரிந்துகொள்கிறார்கள்.

ரீலோட் செல்லாத இடம்: ஐநெட் இன்டர்ஃபேசஸ், ஐநெட் புரோட்டோகால்ஸ். எந்த முகவரியில் காது வைத்துக் கேட்பது என்பதை மாற்றினால் நிறுத்தி எழுப்பித்தான் ஆக வேண்டும். எனக்கு அதற்கு வசதியான நேரம் வெள்ளிக்கிழமை மதியம். தொழுகைக்கும் சாப்பாட்டுக்குமாக அலுவலகம் பாதி காலியாகிவிடும்.

மில்டர்கள்: இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும்

போஸ்ட்ஃபிக்ஸுக்கு பிளகின் என்று பெரும்பாலும் நாம் சொல்வது மில்டரைத்தான். அது தனிச் சர்வீஸ். போஸ்ட்ஃபிக்ஸ் அதனோடு சாக்கெட் வழியாகப் பேசுகிறது. ஆகவே போஸ்ட்ஃபிக்ஸை எத்தனை முறை ரீலோட் செய்தாலும், ஸ்பேமை வடிகட்டும் மில்டரான ஆர்ஸ்பேம்டியின் அமைப்பு ஓர் எழுத்துகூட மாறாது.

மில்டர் கிடைக்காமல் போனால் என்ன ஆகும் என்பதை ‘மில்டர் டிஃபால்ட் ஆக்‌ஷன்’ தீர்மானிக்கிறது. இயல்பில் அது டெம்ப்ஃபெயில். அதாவது 451 என்று பதில் போகும், பிறகு வா என்று அர்த்தம். மெயில் தொலையாது, ஆனால் அனுப்பிய சர்வர் மறுபடி எப்போது முயலும் என்பது அதன் விருப்பம். ஐந்து நிமிடமாகவும் இருக்கலாம், அரை மணியாகவும் இருக்கலாம். பினாங்குத் துறைமுகத்தில் கப்பல் காத்திருக்காது. இரண்டு நொடி ரீஸ்டார்ட்டுக்கே இந்தத் தண்டனை. அமைப்பில் பிழை இருந்து சர்வீஸ் எழவே இல்லையென்றால் கேட்கவே வேண்டாம்.

ஆர்ஸ்பேம்டியில் முதலில் ‘ஆர்ஸ்பேம்அட்ம் கான்ஃபிக்டெஸ்ட்’. சரி என்று வந்த பிறகு ‘சிஸ்டம்சிடிஎல் ரீலோட் ஆர்ஸ்பேம்டி’. உள்ளே போவது ஹப் சிக்னல், அமைப்பைத் திரும்பப் படி என்ற அறிவிப்பு. புதிய வேலையாட்கள் புதிய அமைப்போடு எழுவார்கள், பழையவர்கள் கையில் இருப்பதை முடித்துவிட்டு ஓய்வார்கள். புதிய அமைப்பு படிக்க முடியாதபடி இருந்தால் அது லாகில் புலம்பிவிட்டுப் பழையதையே வைத்துக்கொள்ளும். ரீஸ்டார்ட்டைவிட ரீலோட் பாதுகாப்பானது என்று நான் சொல்வதற்கு இது ஒன்றே போதும். ஆனால் அந்தப் புலம்பலை நீங்கள் படித்தால்தான் தெரியும்.

மாற்றங்களை லோக்கல்.டி கோப்புறையில் எழுதுங்கள். மூலக் கோப்புகளைத் தொட்டால் அடுத்த அப்டேட்டில் போய்விடும். லோக்கல்.டி இயல்பு அமைப்போடு கலக்கும், ஓவர்ரைடு.டி அதை மேலெழுதும். அதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. தடுக்க வேண்டிய முகவரி, அனுமதிக்க வேண்டிய டொமைன் போன்ற அடிக்கடி மாறும் பட்டியல்களை மேப் கோப்பாக வைத்துவிடுங்கள். மேப் மாறினால் ஆர்ஸ்பேம்டி தானே கவனித்து எடுத்துக்கொள்ளும், ரீலோட்கூட வேண்டாம். அந்தப் பட்டர்வொர்த் கம்பெனியில் அனுமதிப் பட்டியலை இப்போது அக்காவே ஒரு சின்னப் பக்கம் வழியாகச் சேர்க்கிறார். எனக்குப் போன் வருவதில்லை.

வெளியே போகும் மெயிலில் டிகேஐஎம் என்ற டிஜிட்டல் கையெழுத்துப் போடும் ஓப்பன்டிகேஐஎம் கொஞ்சம் விசித்திரம். அமைப்பைத் திரும்பப் படிக்க அது எதிர்பார்ப்பது யூஎஸ்ஆர்1 சிக்னல். புதிய டொமைனுக்குச் சாவி சேர்த்து, கீ டேபிளையும் சைனிங் டேபிளையும் திருத்திவிட்டு அதை அனுப்பினால் போதும். ஆனால் சாக்கெட், யூசர்ஐடி, யூமாஸ்க், பிட்ஃபைல் போன்ற சில வரிகள் இந்த வழியில் மாறவே மாறாது. சாக்கெட்டை மாற்றிவிட்டு ரீலோட் அடித்தால் அது பழைய வாசலிலேயே நிற்கும். போஸ்ட்ஃபிக்ஸ் புதிய வாசலில் போய்த் தட்டும். பிறகு எல்லா மெயிலுக்கும் 451. இன்னொன்று: தொடங்கும்போது கட்டளை வரியில் கொடுத்த விருப்பங்கள் திரும்பப் படிக்கும்போது காணாமல் போகும். எதையும் கோப்பிலேயே எழுதி வையுங்கள்.

வைரஸ் தேடும் கிளாம்ஏவி பயன்படுத்துபவர்களுக்கு ஒரு சொல். 0.103 பதிப்பிலிருந்து வைரஸ் தகவல் தொகுப்பைத் திரும்ப ஏற்றும்போது பழையதையும் புதியதையும் ஒரே நேரத்தில் நினைவில் வைத்துக்கொள்கிறது, சோதனை நிற்காமல் இருப்பதற்காக. அந்தக் கொஞ்ச நேரம் நினைவகத் தேவை ஏறக்குறைய இரட்டிப்பாகும். மலிவு விபிஎஸ்ஸில் (வாடகைக்கு எடுக்கும் மெய்நிகர் சர்வர்) இதற்கு இடம் இல்லாமல் கெர்னல் வந்து கழுத்தை நெரித்துவிடும். அப்படிப்பட்ட மெஷினில் ‘கான்கரன்ட் டேட்டாபேஸ் ரீலோட்’ என்பதை ‘நோ’ ஆக்கிவிடுங்கள்.

டவ்காட்: புதியவர்களுக்குப் புதியது, பழையவர்களுக்குப் பழையது

மண்டை காய்வது பெரும்பாலும் இங்கேதான்.

‘டவ்கான்ஃப் -என்’ போட்டு முதலில் கோப்பு ஒழுங்காகப் படிக்கப்படுகிறதா என்று பாருங்கள். மெயில் பிளகின்ஸ் வரி எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்பதைக் கவனியுங்கள். கோட்டா பிளகின் பொதுவான இடத்தில் இருக்கும். ஐமாப் என்ற நெறிமுறையில் மெயிலைப் படிக்கும் நிரலுக்கு அதைக் காட்டும் ஐமாப் கோட்டா மட்டும் புரோட்டோகால் ஐமாப் பகுதிக்குள் இருக்க வேண்டும். 2.3 வரை, புரோட்டோகால் பகுதிக்குள் ‘டாலர் மெயில் பிளகின்ஸ்’ என்று முன்னால் போடாமல் எழுதினால், பொதுவில் சேர்த்தவை எல்லாம் அந்தப் புரோட்டோகாலுக்கு இல்லாமல் போகும். பிழையும் வராது. 2025 ஜனவரியில் வந்த 2.4-இல் இந்த எழுதும் முறையே மாறிவிட்டது. பழைய கோப்பை அப்படியே ஒட்டினால் வேலைக்காகாது.

பிறகு ‘டவ்அட்ம் ரீலோட்’. லாகில் ஹப் சிக்னல் வந்தது, அமைப்பைத் திரும்பப் படிக்கிறேன் என்று மாஸ்டர் ஒரு வரி எழுதும். புதிதாக லாகின் ஆகிறவர்களுக்குப் புதிய பிளகின் கிடைக்கும்.

ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள்? அவர்களின் ஐமாப் புராசஸ் பிறந்தபோது எந்த பிளகின் ஏறியதோ அதே. கைப்பேசியும் அவுட்லுக்கும் ஐடில் முறையில், புதிய மெயிலுக்குக் காத்துக்கொண்டு, மணிக்கணக்காக இணைப்பைப் பிடித்துக்கொண்டு இருக்கும். நீங்கள் உங்கள் மடிக்கணினியில் புதிதாக நுழைந்து பார்த்து வேலை செய்கிறது என்பீர்கள். அந்தப் பக்கம் அக்கா எனக்கு ஒன்றும் தெரியவில்லையே என்பார். இரண்டு பேர் சொல்வதும் உண்மை.

யார் உள்ளே இருக்கிறார்கள் என்று ‘டவ்அட்ம் ஹூ’ காட்டும். அவசரமென்றால் ‘டவ்அட்ம் கிக்’ போட்டு ஒவ்வொருவராக இறக்கிவிடலாம். அவர்களின் நிரல் உடனே திரும்ப இணைந்துகொள்ளும். ஒவ்வொருவராக என்பதில் கவனம். எல்லாரையும் ஒரே அடியில் இறக்கினால் அது நான் செய்த ரீஸ்டார்ட்டேதான், ஃபெயில்2பேன் உட்பட. நான் ஐந்து ஐந்து பேராக, நடுவில் அரை நிமிடம் விட்டுச் செய்கிறேன். அவசரமில்லை என்றால் விட்டுவிடுங்கள். மாலையில் கணினியை அணைத்தால் மறுநாள் புதியதோடு வருவார்கள்.

வரும் மெயிலைத் தரம் பிரிக்கும் சீவ் ஸ்கிரிப்ட்களுக்கு ரீலோட்டே வேண்டாம், டெலிவரி நேரத்தில் படிக்கப்படும். ஆனால் எல்லாருக்குமான பொது ஸ்கிரிப்டை ‘சீவ்சி’ கொண்டு நீங்களே கம்பைல் செய்து வையுங்கள். டெலிவரி புராசஸுக்கு அந்தக் கோப்புறையில் எழுத அனுமதி இருக்காது, ஒவ்வொரு மெயிலுக்கும் திரும்பத் திரும்பக் கம்பைல் செய்துகொண்டிருக்கும்.

பிளகின் கோப்பையே பேக்கேஜ் அப்டேட் மாற்றிவிட்டதென்றால் அங்கே ரீலோட் பேச்சே எடுக்காதீர்கள். பழைய மாஸ்டரும் புதிய பிளகினும் சேராது. பதிப்பு பொருந்தவில்லை என்று சொல்லி லாகினையே மறுக்கலாம். நேரம் சொல்லிவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். தைப்பூசத்துக்கு முந்தின நாள் மாலை மட்டும் வேண்டாம். மறுநாள் பொது விடுமுறை, நீங்கள் தண்ணீர்மலைக் கூட்டத்துக்குள் நின்றுகொண்டு கைப்பேசியில் எஸ்எஸ்ஹெச் அடிக்கப் பார்ப்பீர்கள். பட்டவன் சொல்கிறேன்.

ஏறிவிட்டதா என்று எப்படித் தெரியும்

போஸ்ட்கான்ஃப், டவ்கான்ஃப் இரண்டும் காட்டுவது வட்டில் இருக்கும் கோப்பை. ஓடும் புராசஸின் மனத்தில் இருப்பதை இல்லை. கோப்பு சரி என்றால் மாற்றம் ஏறிவிட்டது என்று அர்த்தமில்லை. பலகையைப் பார்த்துவிட்டுக் கல்லாவைச் சரி என்று சொல்வது போல ஆகும்.

நான் மூன்று இடம் பார்ப்பேன். முதலில் லாக். போஸ்ட்ஃபிக்ஸ் என்றால் மாஸ்டரின் ‘ரீலோட்’ வரியும் பதிப்பு எண்ணும் வர வேண்டும். சில டெபியன், உபுண்டு பதிப்புகளில் ‘ஜர்னல்சிடிஎல் -யூ போஸ்ட்ஃபிக்ஸ்’ காலியாக இருக்கும். பதறாதீர்கள், உண்மையான யூனிட்டின் பெயர் போஸ்ட்ஃபிக்ஸ், அட் குறி, ஹைஃபன் என்று இருக்கும். சர்வர் யுடிசியில் ஓடினால் நம் மலேசிய நேரத்திலிருந்து 8 மணியைக் கழித்துத் தேடுங்கள்.

இரண்டாவது, புராசஸின் வயது. ‘பிஎஸ் -இஓ பிஐடி,எல்ஸ்டார்ட்,சிஎம்டி’ போட்டால் ஒவ்வொன்றும் எப்போது பிறந்தது என்று தெரியும். ரீலோட் நேரத்துக்கு முன் பிறந்த ஐமாப் புராசஸ்கள் எத்தனை மிச்சம் என்று பார்த்தால், பழைய அமைப்போடு எத்தனை இணைப்புகள் இருக்கின்றன என்பது கிடைக்கும். ‘டவ்அட்ம் ஹூ’ அக்காவின் பெயருக்கு நேரே காட்டும் புராசஸ் எண் அதில் இருந்தால் வாதம் முடிந்தது.

மூன்றாவது, உண்மையான மெயில் ஒன்று. ‘ஸ்வாக்ஸ்’ கருவி இதற்கு அருமை. டிகேஐஎம் சாவி மாற்றினால் வெளியே ஓர் இலவசக் கணக்குக்கு அனுப்பி, தலைப்புப் பகுதியில் புதிய செலக்டர் (சாவியின் பெயர்) வருகிறதா என்று பாருங்கள். ஸ்பேம் வடிகட்டிக்கு ‘ஜிடியூப்’ சோதனை வரி இருக்கிறது. அதை வைத்து அனுப்பினால் மறுக்க வேண்டும். சான்றிதழ் மாற்றியிருந்தால் ‘ஓப்பன்எஸ்எஸ்எல் எஸ்_கிளையண்ட்’ கொண்டு 993 போர்ட்டில் இணைந்து காலாவதித் தேதியைப் படியுங்கள். லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழை செர்ட்பாட் வட்டில் புதுப்பித்துவிடும், ஆனால் டவ்காட்டை ரீலோட் செய்யும்படி டெப்ளாய் ஹுக் எழுதவில்லையென்றால் பழையதையே நீட்டிக்கொண்டிருக்கும், ஒரு நாள் காலையில் எல்லாக் கைப்பேசியிலும் எச்சரிக்கை வரும்வரை.

வேறு சர்வர்கள் வைத்திருப்பவர்களுக்கு இரண்டே வரி. எக்ஸிமில், பின்னணியில் ஓடும் டீமன் பழைய அமைப்பை வைத்திருக்கும், ஹப் சிக்னல் வேண்டும். ஆனால் புதிதாகத் தொடங்கும் தனிப் புராசஸ்கள் கோப்பைச் சேமித்த உடனேயே படித்துவிடும், ஆகவே அரைகுறையாகச் சேமிக்கும் ஆபத்து அங்கேயும் உண்டு. ஹராக்காவில், மாற்றத்தைக் கவனிக்கும்படி எழுதப்பட்ட பிளகின்கள் அமைப்புக் கோப்பைத் தாமே திரும்ப எடுத்துக்கொள்ளும். பிளகினின் நிரலையே திருத்தினால் மறுதொடக்கம்தான்.

பட்டர்வொர்த்தில் ஃபெயில்2பேனின் விலக்குப் பட்டியலில் அலுவலக ஐபியை அன்றே சேர்த்துவிட்டேன். ‘ஃபெயில்2பேன்-கிளையண்ட் ரீலோட்’ போதும், ரீஸ்டார்ட் வேண்டாம். அதையும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் அடித்தேன். ரொட்டி ஆறிப்போயிருந்தது.